‘ஆர்கானிக்’ என்று எழுத யாரைக் கேட்க வேண்டும்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் கீரைப் பாத்திகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: ஆர்கானிக் சான்றிதழ். யார் தருகிறார்கள், எவ்வளவு நாளாகும், மாவு மில்லுக்கும் வேண்டுமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். இந்த மாதம் முழுப் பக்கத்தையும் அதற்கே வைத்துக்கொள்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் சுங்கை சிப்புட்டில் இருப்பவள். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறேன். இந்த வட்டாரத்துச் சிறு விவசாயிகள் விண்ணப்பக் கோப்பு தயார் செய்ய உதவுவது என் வேலை.

கேள்வி (பீடோர் வாசகர்): அக்கா, எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. முருங்கை, வெண்டை, பாகல் போட்டிருக்கிறோம். உரம் போடுவதில்லை, மருந்தும் அடிப்பதில்லை. பாக்கெட்டில் ‘ஆர்கானிக்’ என்று எழுதி ஈப்போவில் விற்கலாமா?

இப்போதைக்கு அந்தச் சொல்லை எழுதாதீர்கள் தம்பி. நம் நாட்டில் உணவுச் சட்டம் 1983 இருக்கிறது, அதன் கீழ் உணவு விதிமுறைகள் 1985 இருக்கின்றன. சுகாதார அமைச்சு அமல்படுத்துகிறது. லேபிளில் ஆர்கானிக் என்று போட்டால் அந்தப் பொருள் எம்எஸ் 1529 என்ற மலேசியத் தரத்துக்கு ஒத்துவர வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்தத் தரம் 2001-ல் வந்தது, 2015-ல் திருத்தினார்கள். விதை போடுவதிலிருந்து பாக்கெட்டில் லேபிள் ஒட்டுவது வரைக்கும் அதில் விதி உண்டு.

தோட்டங்களுக்குச் சான்றிதழ் தருவது விவசாய இலாகா. திட்டத்துக்கு மைஆர்கானிக் என்று பெயர். முன்பு ஸ்கிம் ஆர்கானிக் மலேசியா என்று இருந்ததுதான் இப்படி ஆனது. இலாகா இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. நிறைய செலவாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒதுங்கி நிற்பவர்களை நிறையப் பார்க்கிறேன், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். உங்களுக்குப் பத்தாங் பாடாங் மாவட்ட விவசாய அலுவலகம், எங்களுக்குக் குவாலா கங்சார். நேரில் போய்க் கேளுங்கள்.

அங்கே வரும் முதல் கேள்வி பயிரைப் பற்றி இருக்காது. நிலம் யார் பேரில் இருக்கிறது என்பதுதான். கிராண்ட் (நிலப் பட்டா) இருந்தால் நகல், வாடகை நிலம் என்றால் ஒப்பந்தம். நம்மவர்களில் பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். தோட்டம் கைமாறிப் போன பிறகும் பழைய லயத்து வீடுகளுக்குப் பின்னால் கீரையும் மரவள்ளியும் போட்டு வருகிறவர்கள் எத்தனை பேர்! ‘செஞ்சுக்கோ’ என்று எப்போதோ ஒரு மேனேஜர் வாயால் சொன்னது கோப்பில் நிற்காது. நில உரிமையாளரிடமிருந்து எழுத்து மூலமாக ஏதாவது வாங்குங்கள். நல்ல மண்ணும் நல்ல கையும் இருந்தும் ஒரு தாள் இல்லாமல் நின்றுபோவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறுவதில்லை.

அப்புறம் நிலத்தின் வரைபடம், கடந்த சில வருடங்களில் அங்கே என்ன போட்டார்கள், என்ன அடித்தார்கள் என்ற வரலாறு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற விவரம். மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்கு எடுப்பார்கள். பழைய ஈயச் சுரங்க நிலத்தில் பயிர் செய்கிறவர்கள் கிந்தா பக்கத்தில் நிறைய. அந்த மண்ணில் ஆர்செனிக் போன்ற கன உலோகங்கள் இருக்க வாய்ப்புண்டு. மருந்தே காணாத நிலமாக இருந்தாலும் இதனால் தடை வரலாம். பத்து வகைப் பயிருக்குப் பாத்தி கட்டுவதற்கு முன்னால் மண்ணைப் பார்த்துவிடுவது நல்லது.

பிறகு அதிகாரி வருவார். நீங்கள் காட்ட ஆசைப்படும் பாத்தியில் அவர் ரொம்ப நேரம் நிற்க மாட்டார். நேரே ஸ்டோருக்குப் போவார். அலமாரிக்கு மேலே என்ன இருக்கிறது, கதவுக்குப் பின்னால் கிடக்கும் பாட்டில் எது, பம்பின் மூடியைத் திறந்தால் என்ன வாடை வருகிறது என்று பார்ப்பார். விதைப் பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார். கடையில் வாங்கும் வெண்டை, சோள விதைகளில் பல இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருக்கும். பூஞ்சண மருந்து பூசியதற்கு அடையாளமாக அந்தச் சாயத்தைச் சேர்க்கிறார்கள். மருந்து பூசாத விதையாகக் கேட்டு வாங்குங்கள், பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே நோட்டுப் புத்தகம். காயைத் தொட்டோ தின்றோ அது எப்படி விளைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. விளைவித்த முறைக்குத்தான் சான்றிதழ் தருகிறார்கள், அந்த முறைக்குச் சாட்சி நீங்கள் அன்றாடம் எழுதிய கணக்கு. தேதி, எந்தப் பாத்தி, என்ன வேலை, என்ன போட்டது, எவ்வளவு, எவ்வளவு அறுத்தது, யாருக்கு விற்றது. ‘மூன்றாம் பாத்தி, வெண்டை, வேப்பெண்ணெய் சோப்புக் கரைசல், ஒரு பம்பு, காலை’ என்று ஒரு வரி போதும். தோட்டத்தில் காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) பேர் கொடுத்து, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் நாள் கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்கி வளர்ந்த குடும்பங்கள் நாம். இந்தக் கணக்கு நமக்குப் புதிதில்லை. அதிகாரி வருவதற்கு முந்தின இரவு உட்கார்ந்து ஒரே பேனாவில் ஒரு வருடத்தை எழுதி முடித்தால் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

கேள்வி (தாப்பா வாசகி): நாங்கள் வாங்கிய நிலம் முன்பு செம்பனை. புல் மருந்து அடித்த இடம். எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும்?

இதை மாற்றக் காலம் என்பார்கள். கோடெக்ஸ் என்பது உலக அளவில் உணவுத் தரங்களை வகுக்கும் அமைப்பு. பல நாடுகள் பின்பற்றும் அதன் ஆர்கானிக் வழிகாட்டி 1999-ல் வந்தது. கீரை, வெண்டை மாதிரி குறுகிய காலப் பயிருக்கு, விதைப்பதற்கு முன் குறைந்தது 2 வருடம் நிலத்தை ஆர்கானிக் முறையில் வைத்திருக்கச் சொல்கிறது. முருங்கை, தென்னை, மா மாதிரி நின்று காய்க்கும் பயிருக்கு முதல் அறுவடைக்கு முன் 3 வருடம். நிலத்தில் தடை செய்த எதுவும் போடவில்லை என்று நிரூபித்தால் குறைக்கலாம், ஆனால் 12 மாதத்துக்குக் கீழே போகக் கூடாது. அமெரிக்காவில் எந்தப் பயிரானாலும் அறுவடைக்கு முன் 3 வருடம். உங்கள் நிலத்துக்கு எவ்வளவு என்பதை மாவட்ட அதிகாரி வரலாற்றைப் பார்த்துத்தான் சொல்வார். அதனால் கடைசியாக மருந்து அடித்த தேதிக்கு ஆதாரம் தேடுங்கள். முந்தின உரிமையாளரிடம் ஒரு கடிதம் வாங்க முடிந்தால் இப்போதே வாங்கிவிடுங்கள். நாளாக நாளாக ஆளைப் பிடிப்பது கஷ்டம்.

இந்தக் காத்திருப்பு எதற்கு என்று கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். என் அம்மா ஒரு தோட்டத்தில் மருந்தடிக்கும் கும்பலில் வேலை செய்தவர். முதுகில் பம்பு, காலில் கிழிந்த பூட்ஸ், கையுறை கிடையாது. பாராகுவாட் என்ற புல் மருந்தை அடித்த காலத்தில் அவருடைய நகங்கள் நிறம் மாறி, அடியிலிருந்து உரிந்து வந்தன. மூக்கில் ரத்தம் வந்தால் முந்தானையால் துடைத்துவிட்டு அடுத்த நிரைக்குப் போவார். பக்கத்து வீட்டு அத்தைகளுக்கும் அப்படித்தான். அந்த மருந்துக்கு நம் நாட்டில் 2002-ல் தடை அறிவித்தார்கள், 2006-ல் தளர்த்தினார்கள், கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. இடைப்பட்ட வருடங்களில் அதைச் சுமந்த முதுகுகள் பெரும்பாலும் நம் பெண்களுடையவை. அது மண்ணில் களியோடு இறுக ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் கிடக்கும். மண் உயிர் பெற்று வரக் கொஞ்ச காலம் கொடுங்கள் என்று விதி கேட்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

காத்திருக்கும் காலத்தில் விளைவதைத் தாராளமாக விற்கலாம், சாதாரணக் காய்கறியாக. 12 மாதம் முடிந்த பிறகு ‘ஆர்கானிக்குக்கு மாறிவரும் விளைச்சல்’ என்று குறிப்பிட கோடெக்ஸ் இடம் தருகிறது. எங்கள் பக்கத்தில் சிலர் அந்தக் காலத்தில் பருப்பு வகைக் கொடிகளை மூடுபயிராக விட்டு மண்ணைத் தேற்றுகிறார்கள். ரப்பர் கன்று நட்ட காலத்தில் தோட்டங்களில் நிரைகளுக்கு நடுவே விட்டார்களே, அதே கொடிகள்தான்.

கேள்வி (சுங்கை சிப்புட் வாசகர்): எனக்குப் பக்கத்தில் செம்பனைத் தோட்டம். அவர்கள் அடிக்கும் மருந்து காற்றில் வந்து விழுகிறது. நான் அடிக்காவிட்டாலும் எனக்குச் சான்றிதழ் கிடைக்காதா?

கிடைக்கும். நடுவே இடைவெளி விட வேண்டும், அதை வரைபடத்தில் காட்ட வேண்டும். எத்தனை அடி என்று பலரும் கேட்கிறார்கள். அமெரிக்க விதியில்கூட இத்தனை அடி என்று எண் கிடையாது. பக்கத்து நிலத்திலிருந்து மருந்து வந்து சேராத அளவு போதுமானதாக இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. காற்று எந்தப் பக்கம், மேடு எது, பள்ளம் எது, பக்கத்தில் கையால் அடிக்கிறார்களா வண்டியில் அடிக்கிறார்களா என்று பார்த்து முடிவு செய்வார்கள்.

எனக்கும் ஒரு பக்கம் செம்பனைதான். எல்லையில் யானைப்புல்லை இரண்டு வரிசை அடர்த்தியாக விட்டு, அதற்கு உள்பக்கம் வாழை வைத்திருக்கிறேன். அந்த வாழைக் காயை ஆர்கானிக் என்று விற்பதில்லை. தனிக் கூடை, தனிக் கணக்கு. மழைத் தண்ணீர் அவர்கள் பக்கத்திலிருந்து வழிந்து வராமல் எல்லையோரமாகக் கால்வாய் வெட்டியிருக்கிறேன். காற்றைவிட அந்தத் தண்ணீர்தான் அதிகம் கொண்டு வரும். மருந்து அடிக்கும் நாளை முன்கூட்டிச் சொல்லும்படி தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள், நகலில் அவர்கள் முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டாலும் அந்த நகல் கோப்பில் இருக்கட்டும். சாலையோரப் புல்லுக்கு மருந்தடிக்க வரும் குத்தகை ஆட்களுக்கும் பார்வையில் படுகிற மாதிரி ஒரு பலகை வையுங்கள், மலாயிலும் தமிழிலும்.

கேள்வி (தெலுக் இந்தான் வாசகர்): இயற்கையான எதையும் போடலாம்தானே? பஞ்சகவ்யம், புகையிலைக் கஷாயம், கோழி எரு, துபா வேர்?

இங்கேதான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். இயற்கையில் கிடைப்பதெல்லாம் அனுமதி என்று எந்த விதியும் சொல்லவில்லை. பட்டியல் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

புகையிலைக் கஷாயத்தை விட்டுவிடுங்கள். நிக்கோட்டின் பூச்சியை மட்டும் பார்த்துக் கொல்வதில்லை, அடிக்கிறவரின் தோல் வழியாகவும் உள்ளே போகும். அமெரிக்க விதியில் புகையிலைத் தூள் தடைப் பட்டியலில் இருக்கிறது. துபா வேரைப் பற்றி நம் பெரியவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், ஆற்றில் நசுக்கிப் போட்டால் மீன் மிதக்கும். அதில் இருக்கும் ரோட்டனோன் ஒரு காலத்தில் உலகம் முழுக்கப் பூச்சிமருந்தாக விற்றது, நம் நாட்டிலேயே அதற்காகப் பயிர் செய்தார்கள். கோடெக்ஸ் பட்டியலில் அதற்கு இடம் இருந்தாலும் அமெரிக்க விதி அதைத் தடை செய்துவிட்டது. நான் யாருக்கும் சொல்வதில்லை. வேப்பெண்ணெய், மென்சோப்புக் கரைசல், பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்து இவையெல்லாம் சரி. அதிலும் கடையில் வாங்கும் பாட்டிலில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாட்டில் லேபிளைப் படம் எடுத்து அதிகாரிக்கு அனுப்பிவிட்டுப் பிறகு வாங்குங்கள்.

பஞ்சகவ்யம் தயாரிக்கிறவர்கள் சாணமும் கோமியமும் எங்கிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள்.

கோழி எருதான் பெரிய விவகாரம். பேராக்கில் பிராய்லர் கொட்டகைகளுக்குக் குறைவில்லை, மூட்டை மலிவு, எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள். கோடெக்ஸ் பட்டியலில் கோழி எருவுக்கு இடம் உண்டு, ஆனால் தொழிற்சாலை மாதிரி அடைத்து வளர்க்கும் பண்ணையிலிருந்து வரக் கூடாது என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. எங்கே வாங்குகிறீர்கள் என்பதை அதிகாரியிடம் மறைக்காமல் சொல்லி, சம்மதம் வாங்கிக்கொண்டு போடுங்கள். பச்சையாகப் போடவே வேண்டாம். ஈ மொய்ப்பது ஒரு பக்கம், கீரையில் கிருமி ஏறுவது இன்னொரு பக்கம். அமெரிக்க விதிப்படி மக்காத எருவைப் போட்டால், மண்ணைத் தொடும் காய்க்கு அறுவடைக்கு 120 நாள், மற்றவைக்கு 90 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். 25 நாளில் பிடுங்கும் கீரைக்கு அது எப்படிப் பொருந்தும்?

மக்க வைப்பதற்கும் கணக்கு உண்டு. நீளக் குவியலாகப் போட்டுக் கிளறும் முறையில், 55 முதல் 77 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் 15 நாள் நிற்க வேண்டும், அதற்குள் 5 முறையாவது கிளற வேண்டும். நீளமான தண்டு வைத்த வெப்பமானி ஒன்று வாங்குங்கள். குவியலின் தோள்பட்டையில் குத்தாமல் நடு வயிறு வரை இறக்கிப் பாருங்கள். மேலே நாற்பது காட்டும் குவியல் உள்ளே அறுபதைத் தாண்டியிருக்கும், காலையில் மண்வெட்டியால் பிளந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். மழைக்காலத்தில் மேலே தார்ப்பாய் இல்லாவிட்டால் அந்தச் சூடு வராது. எண்ணைப் பார்த்த நாளிலேயே நோட்டில் எழுதுங்கள்.

யூரியாவும் நீலக் குருணை உரமும் கூடாது என்று உங்களுக்கே தெரியும். தோட்டங்களில் செம்பனைக்குப் போடுகிற பாறைப் பாஸ்பேட் தூளைப் பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார். அமிலம் சேர்க்காத இயற்கைப் பாறையாக இருந்தால் கோடெக்ஸ் அனுமதிக்கிறது, ஆனால் அதிலுள்ள காட்மியம் பாஸ்பேட் கணக்கில் கிலோவுக்கு 90 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. விற்பவரிடம் பரிசோதனைத் தாள் கேளுங்கள். பாகல் பந்தலுக்கு ஆர்செனிக் மருந்தில் ஊறிய கட்டைகளைப் புதிதாக நடாதீர்கள். இதையும் பார்ப்பார்கள்.

கேள்வி (சுங்கை சிப்புட் வாசகி): அக்கா, நான் வீட்டில் சாம்பார்த் தூள், மிளகாய்த் தூள் செய்து விற்கிறேன். இந்தியாவிலிருந்து ஆர்கானிக் மிளகாய் வரவழைத்து டவுன் மில்லில் அரைக்கிறேன். மிளகாய்க்குச் சான்றிதழ் இருந்தால் என் தூளுக்கும் ஆர்கானிக் போடலாம்தானே?

போட முடியாது தங்கச்சி. மிளகாய்க்கு இருக்கும் சான்றிதழ் மிளகாயோடு நின்றுவிடும். அதைப் பிரித்து, வறுத்து, அரைத்து, வேறு பாக்கெட்டில் போடுகிற ஒவ்வொரு இடமும் சான்றிதழுக்குள் வர வேண்டும். இலாகாவின் மைஆர்கானிக் தோட்டங்களுக்கானது. உங்களைப் போலப் பதப்படுத்துகிறவர்கள் தனியார் சான்றளிப்பு நிறுவனத்திடம் போக வேண்டியிருக்கும், அங்கே கட்டணம் உண்டு. முதலில் சுகாதார அமைச்சின் மெஸ்தி சான்றிதழ் எடுத்துவிடுங்கள். அது சுத்தத்துக்கானது, ஆர்கானிக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் அந்தக் கோப்பு இருந்தால் மற்ற வேலை பாதி குறையும்.

உங்கள் சிக்கல் மில். அந்த மில்லில் உங்களுக்கு முன்னால் இன்னொருவர் சாதாரண மிளகாய் அரைத்திருப்பார், அவருக்கு முன்னால் மல்லி, அதற்கு முன்னால் கோதுமை. மில்காரரைக் கேட்டு ஒருநாள் மூடியைத் திறந்து பாருங்கள். சல்லடைக்கு அடியிலும் இரும்புத் தகட்டின் ஓரத்திலும் விரல் கனத்துக்குப் பழைய தூள் இறுகிக் கிடக்கும், தூள் கொட்டும் துணிப்பையின் மடிப்பில் இன்னும் கொஞ்சம். பிரஷ் போட்டுத் தட்டினால் முதலில் சிவப்பு வரும், பிறகு மஞ்சள், பிறகு வெள்ளை மாவு. அதெல்லாம் உங்கள் தூளில்தான் போய்ச் சேருகிறது. பொது மில்லில் அரைக்கவே கூடாது என்றில்லை. காலையில் முதல் வேலையாக உங்கள் சரக்கு ஓட வேண்டும், அதற்கு முன் முழுவதும் துடைக்க வேண்டும், துணிப்பை உங்களுக்கென்று தனியாக இருக்க வேண்டும். முதலில் கொஞ்சம் மிளகாயை ஓட்டி எடுத்து அதைச் சாதாரணத் தூளாகத் தள்ளிவிட வேண்டும். யார் துடைத்தார்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு தள்ளினார்கள் என்று எழுதி மில்காரர் கையெழுத்துப் போட வேண்டும். மில்லும் ஆய்வுக்கு உட்பட வேண்டும், அதற்கு அவர் சம்மதிக்க வேண்டும். அவர் மாட்டேன் என்றால் சின்ன அரவை இயந்திரம் ஒன்று சொந்தமாக வாங்குவதுதான் வழி.

வைக்கும் இடமும் முக்கியம். வண்டு வராமல் மூட்டைகளுக்கு நடுவே மாத்திரை வைத்துப் புகையூட்டுவார்களே, ஆர்கானிக் சரக்கு இருக்கும் அறையில் அது கூடாது. கதிர்வீச்சு கொடுத்துக் கிருமி நீக்கிய மசாலாவும் கூடாது. எத்திலீன் ஆக்சைடு வாயுவும் கூடாது. 2020-ல் இந்தியாவிலிருந்து போன எள்ளில் அந்த வாயுவின் எச்சம் இருந்ததென்று ஐரோப்பாவில் மூட்டை மூட்டையாகத் திருப்பி எடுத்தார்கள், நினைவிருக்கும். அதனால் ஒவ்வொரு முறை சரக்கு வரும்போதும் இந்தியாவின் என்பிஓபி என்ற ஆர்கானிக் திட்டத்தின் கீழ் அந்த விற்பனைக்கென்று கொடுக்கும் பரிமாற்றச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். விற்பவரின் பொதுச் சான்றிதழ் நகல் மட்டும் போதாது. அது அவர் ஆர்கானிக் வியாபாரி என்று சொல்லும், உங்கள் கையில் இருக்கும் மூட்டையைப் பற்றிச் சொல்லாது.

சாம்பார்த் தூளில் மல்லி, மிளகாய், பருப்பு, வெந்தயம், பெருங்காயம் என்று பல சேர்கிறதே, எல்லாமே ஆர்கானிக்காக இருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆர்கானிக் என்று பெயர் போட 95 விழுக்காடு ஆர்கானிக்காக இருக்க வேண்டும். உப்பும் தண்ணீரும் அந்தக் கணக்கில் வராது. மீதி 5-ல் நினைத்ததைப் போட முடியாது, அதற்கும் பட்டியல் உண்டு. கடையில் விற்கும் கட்டிப் பெருங்காயத்தில் மாவும் கோந்தும் கலந்திருக்கும், அதை முதலில் பாருங்கள்.

ஆய்வாளர் கடைசியில் கணக்குப் போடுவார். 100 கிலோ மிளகாய் வாங்கிய பில் இருக்கிறது, காம்பு போனது இத்தனை, வறுத்ததில் குறைந்தது இத்தனை, தூள் இத்தனை, விற்றது இத்தனை, கையிருப்பு இத்தனை. வாங்கியதைவிட விற்றது கூடினால் நடுவே எங்கேயோ சாதாரண மிளகாய் புகுந்திருக்கிறது. அப்புறம் கடையில் இருக்கும் ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்து, ‘இது எந்த மூட்டை?’ என்பார். பாக்கெட்டில் இருக்கும் எண்ணை வைத்து அரைத்த நாள், அதிலிருந்து மூட்டை, அதிலிருந்து இந்தியாவில் இருக்கும் வியாபாரி வரைக்கும் நீங்கள் தாள் தாளாக எடுத்துக் காட்ட வேண்டும். சாப்பாட்டு மேசையில் இன்றைக்கே ஒரு முறை செய்து பாருங்கள், எங்கே அறுந்துபோகிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி (கிள்ளான் வாசகர்): சிறிய வியாபாரம் என்றால் சான்றிதழ் தேவையில்லை என்று கேள்விப்பட்டேனே?

அது அமெரிக்க விதி. வருடத்துக்கு 5,000 டாலருக்கு மேல் ஆர்கானிக் விற்பனை இல்லாதவர்களுக்கு அங்கே சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு. அவர்களும் விதிப்படிதான் விளைவிக்க வேண்டும், அரசாங்க முத்திரையைப் போட முடியாது. நம் ஊருக்கு அதைக் கொண்டு வராதீர்கள்.

கேள்வி (கிள்ளான் வாசகி): பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ‘மருந்தில்லாத காய்கறி’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். நம்பலாமா?

வியாபாரியைத் தெரிந்தால், அவர் நிலத்தைப் பார்த்திருந்தால் நம்புங்கள். ஆர்கானிக் என்று சொன்னால் சான்றிதழைக் கேளுங்கள். தோட்டத்தின் பெயர், எந்தெந்தப் பயிர், எந்தத் தேதி வரை என்று அதில் இருக்கும். கங்குங் கீரைக்கு வாங்கிய சான்றிதழைக் காட்டி குடைமிளகாய் விற்கிறவர்களும் இருக்கிறார்கள், பயிர்ப் பட்டியலைப் படியுங்கள்.

கேள்வி (ஈப்போ வாசகர்): ஆர்கானிக் என்றால் மருந்து எச்சமே இருக்காதா?

அப்படி யாரும் உறுதி தருவதில்லை. காற்றும் தண்ணீரும் எல்லோருக்கும் பொது. அமெரிக்காவில், அனுமதித்த எச்ச அளவில் 5 விழுக்காட்டைத் தாண்டினால் அதை ஆர்கானிக் என்று விற்கக் கூடாது. என்னைக் கேட்டால், சாப்பிடுகிறவரைவிட விளைவிக்கிறவருக்குத்தான் இதில் பெரிய லாபம். அவர் கையிலும் மூச்சிலும் தினமும் அந்த மருந்து படுவதில்லையே.

கேள்வி (சுங்கை சிப்புட் வாசகர்): நாங்கள் ஆறு குடும்பம், பழைய தோட்டத்து ஆட்கள். ஆளுக்குக் கால் ஏக்கர், அரை ஏக்கர். சேர்ந்து விண்ணப்பிக்கலாமா? வெளிநாட்டுக்கு அனுப்ப முடியுமா?

சேர்ந்து செய்வதுதான் உங்களுக்குப் பொருத்தம் ஐயா. ஐரோப்பாவின் 2018/848 விதியில், அது 2022 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது, சிறு விவசாயிகள் குழுவாகச் சான்றிதழ் வாங்க வழி வைத்திருக்கிறார்கள். 5 ஹெக்டருக்கு மேற்படாத நிலம் வைத்திருப்பவர்கள் சேரலாம், ஒரு குழுவில் 2,000 பேர் வரை இருக்கலாம். குழுவுக்குள்ளேயே ஒருவர் எல்லோருடைய நிலத்தையும் சுற்றிப் பார்த்து எழுத வேண்டும், தப்புச் செய்தவரை நிறுத்தி வைக்கும் அதிகாரமும் குழுவுக்கு இருக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். மச்சானையும் சம்பந்தியையும் நிறுத்தி வைக்க யாருக்கும் மனசு வராது, ஆனால் ஒருவர் ராத்திரியில் யூரியா தூவினால் ஆறு குடும்பத்துக்கும் போய்விடும்.

ஆனால் வெளிநாட்டுக்கு இப்போதே அவசரப்பட வேண்டாம். நம் சான்றிதழை ஐரோப்பாவும் அமெரிக்காவும் தங்களுடையதற்குச் சமமாக ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் மலேசியாவுக்குக் கிடையாது. அங்கே விற்க அவர்கள் அங்கீகரித்த நிறுவனத்திடம் அவர்கள் விதிப்படி தனியாக வாங்க வேண்டும், ஆய்வாளரின் பயணச் செலவுவரை நீங்கள்தான் கட்ட வேண்டும். ஆறு குடும்பத்துக் கீரைக்கு அது கட்டுப்படியாகாது. ஈப்போவில் வாங்க ஆள் இருக்கிறார்கள்.

கணக்கைத் தமிழில் எழுதலாமா என்றும் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறவருக்குக் கைவந்த மொழியில் எழுதினால்தான் அன்றன்றைக்கு எழுதுவார். தமிழிலேயே எழுதுங்கள். போட்ட பொருளின் பெயரை மட்டும் மூட்டையில் இருக்கிறபடி எழுதி, பில்லை அதே பக்கத்தில் ஒட்டுங்கள். மாதக் கடைசியில் பிள்ளைகளில் ஒருவரை உட்கார வைத்து மலாய்ப் படிவத்துக்கு மாற்றி எழுதச் சொல்லுங்கள். நிலத்துக்கு என்ன தாள் இருக்கிறதோ அதையும் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலையில் ஆறு குடும்பத்திலிருந்தும் ஆளுக்கொருவராக வாருங்கள், முதல் வரைபடத்தைச் சேர்ந்து போட்டுவிடலாம்.